பலவேசம் போட்ட பந்தி

வாரியலும் கையுமாகப் பலவேசம் கடைசி பெஞ்சுக்கு வந்து நின்றார். முகாமின் முதல் நாள் காலை, அதிகாரி பேசத் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. "எந்திரிங்க அண்ணாச்சி, இங்கன பெருக்கணும்" என்று அதில் தனியாக இருந்த சுரண்டை சொரிமுத்துவை எழுப்பினார். பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவே நடந்துபோய், அதிகாரியின் மேஜைக்கு இரண்டு முழத் தூரத்தில் இறக்கினார். "இங்கன இருங்க. பின்னால ஒரே தூசி." பின்னால் தூசி ஏது? விடியற்காலையில் அவரே பெருக்கித் தண்ணீர் தெளித்த இடம். சொரிமுத்துவுக்கு இடது காது கேட்காது, வலது காது பாதிதான். கூச்சத்தில் அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று நாளையும் கடைசி பெஞ்சில் கழித்துவிட்டுப் போக இருந்தார். காலையில் காபி ஊற்றும்போது "சீனி போதுமா, போதுமா" என்று மூன்று தரம் கேட்டும் பதில் வராததிலிருந்து பலவேசம் தெரிந்துகொண்டிருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாரியலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு சத்திரம். பலவேசம் அங்கே பெருக்குகிறவர், தண்ணீர் தூக்குகிறவர், பந்தி பரிமாறுகிறவர் எல்லாம். ஊர் பக்கத்தில் இலஞ்சி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சாம்பார் வாளி தூக்கித் தூக்கி வலது தோள் சற்று இறங்கியிருக்கும். தலையில் எப்போதும் ஈரத்துண்டு. பரிமாறும்போது தரையைப் பார்க்கமாட்டார், இலையையும் பார்க்கமாட்டார். சாப்பிடுகிறவன் வாயைத்தான் பார்ப்பார். முதலில் எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. பேச்சைக் கேட்பதற்காகப் பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கிற்று.

சாரல் விழுந்துவிட்டால் அந்தச் சத்திரத்தில் ஏதாவது ஒரு முகாம், ஏதாவது ஒரு மாநாடு நடக்கும். ஆசிரியர்கள் வருவார்கள், கூட்டுறவுச் சங்கத்துக் காரியதரிசிகள் வருவார்கள், கம்பவுண்டர்கள், நெசவாளிகள், கால்நடைக்காரர்கள் என்று வரிசையாக வருவார்கள். வாசலில் கட்டுகிற எழுத்துத் துணியைப் பலவேசத்துக்கு வாசிக்கத் தெரியாது. "இது யாரு கூட்டம்? வாத்திமாரா, வைத்தியமாரா?" என்று கேட்டுக்கொள்வார். ஆனால் மாட்டுக்குக் கோமாரி வந்தால் காலை எதில் கழுவுவது, பாவு நூல் மழைக்காலத்தில் ஏன் அறுகிறது, இதெல்லாம் அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "நமக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? எல எலயாக் கேட்டதுதான்" என்பார்.

முகாம் உருப்படுமா உருப்படாதா என்று முதல் நாள் மத்தியானமே சொல்லிவிடுவார். "மொதப் பந்தியில ரசம் உறிஞ்சுத சத்தம் மட்டும் கேட்டுதுன்னா அந்தக் கூட்டம் அம்புட்டுத்தான். அப்பளம் நொறுங்குத சத்தம் காதுல விழாத அளவுக்குப் பேச்சு இருக்கணும்." இன்னொரு கணக்கும் உண்டு. "அருவிக்கு வந்தவன் யாரு, கூட்டத்துக்கு வந்தவன் யாருன்னு தலையைப் பாத்தாத் தெரியும். காலையில எட்டு மணிக்கே எண்ணெய் வடியுதா, அவன் ஐந்தருவிக்கு வந்தவன்."

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் தேனீ வளர்ப்பவர்களுக்கு அங்கே மூன்று நாள் பயிற்சி முகாம் நடந்தது. நாற்பது பேர் போயிருந்தோம். முதல் நாள் பாதிப் பேர் தலையில் எண்ணெய் வடிந்தது. என் தலையில் வடியவில்லை. எனக்கு அருவி நினைப்பே இல்லை.

என் பாடு அப்படி. சுந்தரபாண்டியபுரத்தில் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் ஒரு தேன்பெட்டி வைத்திருந்தேன். இலாகா கொடுத்த பெட்டி. வைத்த அன்றே ஒரு வேண்டுதல் செய்துகொண்டேன்: சித்திரை விசுவுக்குத் திருக்குற்றாலநாதருக்கு அபிஷேகத் தேன் என் பெட்டியிலிருந்து போகவேண்டும். கடையில் வாங்கின தேன் ஆகாது. ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை ஈக் கூட்டத்தைப் பிடித்துக் குடிவைத்தேன். மூன்று தடவையும் ராணியோடு புறப்பட்டு ஓடிவிட்டன. எறும்பு இல்லை, பூச்சி இல்லை, பூவுக்கும் பஞ்சமில்லை. திறந்து பார்த்தால் அடை இருக்கும், ஈ இராது. எங்கள் பக்கத்து மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? "முகாமுக்குப் போயிட்டு வாங்க பிள்ளைவாள். அதுக்குப் பெறகும் நிக்கலைன்னா பெட்டியை வேற ஆளுக்கு எழுதிருவேன்" என்று சொல்லிவிட்டார். பெட்டி போனால் வேண்டுதலும் போயிற்று. சுவாமிக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் எந்த முகத்தோடு சந்நிதியில் நிற்பது? அந்தக் கலக்கத்தோடுதான் தென்காசிக்கு வந்து குற்றாலம் பஸ் ஏறினேன். முதல் நாள் காலைக் காபியின்போது பக்கத்து ஆள் ஒருவரிடம் மட்டும் அதைச் சொல்லிப் புலம்பினேன்; பலவேசம் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

காலையில் அதிகாரி இரண்டு மணி நேரம் பேசினார். படித்தவர், நிதானமானவர். ராணி ஈ எத்தனை முட்டையிடும், ஒரு சொட்டுத் தேனுக்கு எத்தனை பூ என்றெல்லாம் சொன்னார். எழுதிக்கொள்ளச் சொன்னார், எழுதினோம். புகை காட்டினால் ஈ அடங்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளம் குளிர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்கு விபூதி பூசி, பொட்டு வைத்து, வாசலில் சாம்பிராணி போட்டுவந்தவன் நான். இலட்சுமி குடியிருக்கிற பெட்டி அல்லவா? நாம் செய்தது சரிதான் என்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் அதிகாரி. நாற்பது பேரும் மேல்கூரையைப் பார்த்தோம். தோற்றுப்போன கதையைப் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று யார் சொல்வது?

மத்தியானம் பந்தி. எல்லாருக்கும் ஒரே பந்திதான் என்று உத்தரவு. ஆனாலும் ஆட்கள் அவரவர் சனத்தோடு, அவரவர் ஊரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். நானும் கிழக்கு ஓரம் எங்கள் ஆட்கள் நாலு பேரோடு உட்கார்ந்தேன். இலை போட்டாயிற்று, சோறு விழுந்தாயிற்று. பலவேசம் பருப்புக் கிண்ணத்தோடு வந்தவர் என் தலைக்கு மேலே பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"அண்ணாச்சி, ஒழுகுது."

"எங்க?"

"பாயைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். ஈரம்.

"அந்தா அங்கன எடம் கெடக்கு. எலையைத் தூக்கிட்டு வாரேன், வாங்க." கேட்காமலே என் இலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். சோறு போகிற இடத்துக்குத்தானே ஆளும் போகவேண்டும்? வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மேற்கு ஓரம் வடகரை யாக்கூப் பக்கத்தில் என் இலையை வைத்தார்.

யாக்கூப் நாற்பது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. முந்தின நாள் சாயங்காலம் வந்தது முதல் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ஆள். நான் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்ததைக் கண்டுகொண்டார்.

"தள்ளித் தள்ளி இருந்தா சாம்பார் ஒங்க எலைக்கு வராது, பிள்ளைவாள். நடுவுல ஆறா ஓடும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெருங்கி உட்கார்ந்தேன். பலவேசம் பருப்பை ஊற்றிக்கொண்டே, "பாய், நேத்து சொன்னியளே மூஞ்சி வீங்கின கதை, அதை அண்ணாச்சிட்டயும் சொல்லுங்க" என்றார். அப்படியே எனக்கு எதிர் வரிசையில் சொரிமுத்துவுக்குப் பருப்பு ஊற்றப் போய்விட்டார்.

"அத ஏன் கேக்கிய" என்று யாக்கூப் ஆரம்பித்தார். "சம்பந்தி வீட்டு ஆளு வந்திருக்கு. பள்ளிவாசலுக்குப் போயிட்டு அப்படியே வந்தேன். பெட்டியைக் காட்டுங்கன்னாங்க. பெரிய ஆளு மாதிரி மூடியத் தொறந்தேன் பாருங்க, அம்புட்டுத்தான். ஒரு ஈ பாக்கியில்லாம எம்மேல. ரெண்டு கண்ணும் மூடிட்டு. ஒதடு வாழப்பழம் மாதிரி ஆயிட்டு. வீட்டுக்குள்ள நொழையுதேன், எம் பொண்டாட்டி முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, 'யாரு வேணும்? அவுக கொல்லையில இருக்காக'ங்கா!"

வரிசையே சிரித்தது. "அடுத்த வாரமும் அதே கதை. மத்த நாள்ல கைய விட்டாலும் கொட்டாது. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கொட்டுதுன்னு வீக்கத்தோட ஒக்காந்து யோசிச்சேன். வெள்ளிக்கிழமை எனக்கு என்ன வித்தியாசம்? குளிச்சு, அத்தர் பூசிப் போயிருக்கேன். அந்த வாசனை ஆகல ஈக்கு. அத்தரைத் தொடைச்சிட்டுப் போனேன், ஒண்ணும் பண்ணல."

என் கைச் சோறு இலையிலேயே நின்றது. "வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"என் பெட்டியும் வெள்ளிக்கிழமையை ஒட்டித்தான் காலியாகுது. மூணு தடவையும்."

"நீங்க அத்தர் பூசுவியளா?"

"சிவசிவா. நான் ஏன் பூசுதேன்? சாம்பிராணி போடுவேன்."

"எங்க?"

"பெட்டி வாசல்லதான். நல்லாக் கனல் எடுத்து, தூபக்கால் நிறைய."

யாக்கூப் கையை இலைக்கு மேலே தூக்கியபடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தொப்பி பின்னால் விழுந்துவிட்டது. "பிள்ளைவாள்! ஒரு சொட்டு அத்தருக்கே என்ன இந்தப் பாடு படுத்திச்சு. நீங்க வாரா வாரம் பொகையப் போட்டு வீட்டக் காலி பண்ணச் சொல்லியிருக்கிய!"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அதிகாரியே புகை நல்லதுன்னு சொன்னாரே?" என்றேன்.

எதிர் வரிசையிலிருந்து சொரிமுத்து தலையை நிமிர்த்தினார். காது கேளாதவர்களுக்கு உள்ள உரத்த குரலில், "அவரு அப்படிச் சொல்லல. பெட்டியத் தொறக்கும்போது மட்டும் ரெண்டே ரெண்டு ஊது. மேல போனா ஈ ஓடிப்போயிரும்னாரு. நான் முன்னாலல்லா இருந்தேன், வெவரமாக் கேட்டேன்" என்றார்.

இரண்டு ஊது. நாற்பது பேர் கேட்ட பேச்சில் நான் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உடனே கண் கலங்கிவிட்டது. "சாமிக்குன்னு செஞ்சேனே" என்றேன், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். பலவேசம் ரச வாளியோடு குனிந்து நின்றார். "சாமி பொறுத்துக்கிடும் அண்ணாச்சி. ஈக்குத் தெரியுமா, இவுரு கும்புடுதாரா வெரட்டுதாருன்னு? கையக் குழிங்க, ரசம்."

அதற்குப் பிறகு அந்தப் பந்தியில் நடந்ததைச் சொல்லவேண்டும். என் வெட்கம் வெளியே வந்ததும் ஒவ்வொருவருடையதும் வெளியே வந்தது. ஒருவர், வருகிற விருந்தாளிக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிவந்து முற்றத்தில் காட்டுகிறவராம். இன்னொருவர் எறும்புக்கு என்று பெட்டிக்காலில் வேப்பெண்ணெய் பூசியதோடு விடாமல், பெட்டிக்கும் பூசிவிட்டாராம். "ஒம்ம பெட்டியில குடியிருக்கதுக்கு ஈக்குப் பேதி மருந்தாவே வேணும்?" என்று யாரோ கேட்டார்கள். மோர் ஊற்றி நேரமாகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கை காய்ந்துவிட்டது. அடுப்படியிலிருந்து சமையல்காரர் வந்து, "பலவேசம், இலையை எடுக்கவா, இல்லை இராத்திரிக்கும் அதிலேயே போடவா?" என்று கத்தினார்.

சத்தம் கேட்டு அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கு மாடி அறையில் மேஜை போட்டுச் சாப்பாடு வைப்பது வழக்கம். பலவேசம் ஓடிப்போய், "சார், மேஜைக்கு மேல பல்லி நிக்கு. இங்கனயே இருந்திருங்க" என்று யாக்கூப்புக்கும் எனக்கும் நடுவில் புது இலை விரித்துவிட்டார். அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கால்சட்டையைச் சற்றுத் தூக்கிவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டார். வேப்பெண்ணெய்க்காரர் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இடது கையாலேயே எதையோ குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேடையில் ஏறினவர், கொண்டுவந்த காகிதக் கட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். "இன்று நான் பேசப்போவதில்லை. உங்கள் பெட்டி ஏன் காலியாயிற்று என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தால் நான் சொல்கிறேன், தெரியாவிட்டால் இங்கே யாருக்காவது தெரியும்" என்றார். மேற்கே மலையில் மழை. பேரருவி இரைகிற சத்தம் கூடத்துக்குள் கேட்டது. நல்ல தண்ணீர். ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளும் ஐந்தருவிக்குப் போகவேண்டியவர்கள் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் போனார்கள். பலவேசம் கதவோரம் நின்று தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்க் குப்பியெல்லாம் அப்படியே இருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

புறப்படுகிற அன்று என் பையை எடுக்க மாடிக்குப் போனேன். படியேறும்போதுதான் தோன்றியது. பந்திக் கூடத்துக்கு மேலே இருப்பது இந்த மாடி அறைதானே? கூடத்துக்கு ஓடே கிடையாதே? அது எப்படி ஒழுகும்? மூன்று நாளில் குறைந்தது பத்துப் பேர் ஒழுகுகிறது என்று இடம் மாறி உட்கார்ந்தோம். ஒருவருக்காவது அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. கீழே வந்து பலவேசம் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "ஈயைப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது" என்றார். "பாய்ட்டயும் ஈக்குக் கோவம், ஒங்ககிட்டயும் ஈக்குக் கோவம். ரெண்டு கோவத்தையும் பக்கத்துல வச்சுப் பாப்பமேன்னு தோணிச்சு."

ஆவணியில் நாலாவது தடவையாக ஈயைக் குடிவைத்தேன். பெட்டிக்கால் நான்குக்கும் கிண்ணத்தில் தண்ணீர். மழை நாளில் சர்க்கரைப் பாகு. சாம்பிராணி பூஜை அறையோடு சரி, அதுவும் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு. என் மனைவி உலகம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒங்க பக்தியத் தாங்க மனுசராலயே முடியல, ஈ எங்கன தாங்கும்?" என்றாள். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முருங்கை மரத்தடியில் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒன்று வந்தது. வாசலில் இறங்கி உள்ளே போயிற்று. பின்னால் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. அடுத்த வெள்ளியும் இருந்தன. கார்த்திகையில் மேற்பார்வையாளர் வேறொருவர் பெயரை எழுதிக்கொண்டு வந்தவர், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என் எதிரிலேயே அந்தப் பெயரை அடித்தார்.

பங்குனிக் கடைசியில் தேன் எடுத்தேன். விசுவன்று இரண்டு பாட்டில்களைத் தலையில் வைத்துக்கொண்டு சந்நிதிக்குப் போனேன். பாலுக்கும் தயிருக்கும் பிறகு என் தேனைக் குருக்கள் சாய்த்தார். திருமேனியில் அது மெதுவாக, அவசரமில்லாமல் பொன்னிறத்தில் வழிந்தது. உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உரக்க, "குற்றாலநாதா!" என்று கூப்பிட்டுவிட்டேன், கோயிலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

போன ஆடியில் இரண்டாவது முகாம் நடந்தது. அறுபது பேர். பலவேசத்துக்கென்று தனியாக ஒரு சின்னக் குப்பியில் தேன் கொண்டுபோனேன். என்னைப் புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் மாற்றி மாற்றி உட்கார வைத்தார். மூன்று நாளும் என் பெட்டி நிற்கிற கதையைச் சொன்னேன். சாம்பிராணி கதைக்கு எல்லாப் பந்தியிலும் சிரிப்புத்தான். எனக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய்யில்லை.

விடைபெறும்போது அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். குப்பியைத் திறந்து சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "நல்லாருக்கு அண்ணாச்சி. சாமிக்குப் போன தேன்லா." பிறகு கண்ணைத் திறந்தார். "ஆனா ஒண்ணு. அடுத்த வருசம் வரும்போது, எல்லாம் நல்லாப் போகுதுன்னு மட்டும் சொல்லிக்கிட்டு வந்திராதிய. எதாவது கெட்டுப்போனது ஒண்ணு கையோட கொண்டாங்க. அது இல்லாம வந்தியன்னா, நான் யாரு பக்கத்துல ஒங்களுக்கு எல போட?"

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சாம்பார் வாளியை வலது கையில் எடுத்து இடது கைக்கு மாற்றி, வரிசைக்குள் போய்விட்டார்.